நாலு பிள்ளைக்கு நாலு விடை: பத்தாவது கணக்கு தெரிந்தவங்க கொஞ்சம் பாருங்க

எட்டுத்தறி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவன் நான். என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. இதுவரை இங்கே தறி மோட்டாரைப் பற்றியும் போர்வெல் பற்றியும்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேட்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. சிரிக்க வேண்டாம்.

மகள் இன்றைக்குக் கணக்குப் பரீட்சை எழுதினாள். பொதுத்தேர்வு. பத்து மணிக்கு உள்ளே போனால் ஒன்றேகாலுக்குத்தான் விடுவார்கள். நான் ஒரு மணிக்கே போய்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டு நின்றுவிட்டேன். வெளியே வரும்போது அவளும் கூட்டாளிப் பிள்ளைகள் மூன்று பேரும் கைகோர்த்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். "எப்படி கண்ணு?" என்றேன். "சூப்பருங்ப்பா, நூறு வந்தாலும் வரும்" என்றாள். அப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்குப் புத்தி இல்லை. காலையில் பயத்தில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்களே என்று நாலு பேரையும் பக்கத்துப் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன்.

ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு பிள்ளை, "ஏய், கோபுரக் கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஆரம்பித்தது. பப்ஸ் வைத்துக் கொடுத்த பேப்பரிலேயே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூன்று முகம் ஒவ்வொன்றாக வாடிப்போனது மட்டும் தெரிந்தது. ஒருத்தி மட்டும் கடைசிவரை சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மகள் சோறு தொடவில்லை. தறி ஓடுகிற வீட்டில் அழுகிற சத்தம் வெளியே கேட்காது. ஊடைநூல் சுற்றின தார் எடுக்கப் போன அவள் அம்மாதான் நூல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கேட்டால், "எழுபதுகூட வராதுங்ப்பா" என்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நூறு, இப்போது எழுபது. நடுவில் நடந்தது ஒரு எக் பப்ஸும் ஒரு டீயும்தான்.

அந்த எண்ணெய்ப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதில் இருப்பதையும் கேள்வித்தாளையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கோபுரக் கணக்கு. கோபுரம் 30 மீட்டர். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு கார் 30° இறக்கக் கோணத்தில் தெரிகிறது. அடியிலிருந்து கார் எவ்வளவு தூரம்? என் மகள் 30 ரூட் 3 என்று எழுதியிருக்கிறாள். மளிகைக்கடைக்காரர் மகளுக்கு 51.96. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு 10 ரூட் 3. உயரமான ஒரு பிள்ளை இருக்கிறாள், சிரித்தாள் என்று சொன்னேனே, அவளுக்கு 17.32. நாலு பேருக்கும் நாலு விடை!

அடுத்தது உருளை. விட்டம் 14, உயரம் 10, கன அளவு கேட்டிருக்கிறான். மகளுக்கு 1540. மளிகைக்கடைப் பிள்ளைக்கு 1538.6. உயரமான பிள்ளைக்கு 6160. கண்ணாடிப் பிள்ளை அந்தக் கேள்வியையே எடுக்கவில்லையாம்.

அப்புறம் தாயக்கட்டை மாதிரி ஒரு கேள்வி. இரண்டு பகடை உருட்டினால் கூட்டினது 8 வருவதற்கோ இரண்டிலும் ஒரே எண் வருவதற்கோ நிகழ்தகவு என்ன? மகள் 10/36. மளிகை, கண்ணாடி இரண்டு பேரும் 5/18. உயரமான பிள்ளை 11/36.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பொழுதோட என் அண்ணன் மகன் வந்தான். காலேஜ் படிக்கிறான். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்து, 10, 20, 30, 40, 50 இந்த அஞ்சுக்கும் திட்டவிலக்கம் என்ன போட்டாய் என்று கேட்டான். 14.14 என்றாள். அந்த ஒரு கணக்குதான் நாலு பேருக்கும் ஒத்துப்போனது. அதை நம்பித்தான் கொஞ்சம் தெம்பாக இருந்தாள். அவன், "எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், 15.81 வருது, நாலு பேருக்கும் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எக்செல் என்றால் எனக்கு வாசலில் நிற்கிற டிவிஎஸ் எக்செல்தான் தெரியும். அதில் எப்படிக் கணக்குப் போட்டான் என்று தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் பிள்ளை படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்தது அறிவியல் பரீட்சை. நடுவில் லீவு இருக்கிறது, ஆனால் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறாள். இந்த நாலு பேரில் யார் எழுதினது சரி? என் பிள்ளைக்கு எத்தனை போச்சு? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கவுந்தப்பாடி பையன்

அண்ணா 51.96 சரி. பகடை 10/36 சரி. நானும் இன்றைக்கு இதே பேப்பர்தான் எழுதினேன். உருளைக்கு எனக்கும் 1540. ராமானுஜன் பிறந்தது நம்ம ஈரோட்டிலுங்க, அவர் ஊர்க்காரங்க நாம கணக்குக்கு அழலாமா! தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்க.

கோபி ஓய்வு வாத்தியார்

தம்பி, முதலில் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். அப்புறம் இதைப் படித்துக் காட்டுங்கள். முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான், விடைத்தாள் திருத்தவும் போயிருக்கிறேன். பேக்கரிப் பேப்பரில் திருத்துவது இதுதான் முதல் தடவை.

கோபுரக் கணக்கில் நாலு விடை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு இல்லை, இரண்டுதான். √3 என்பது ஏறக்குறைய 1.732. அதை 30ஆல் பெருக்கினால் 51.96. ஆகவே உங்கள் மகளும் மளிகைக்கடைப் பிள்ளையும் எழுதியது ஒரே தூரம். 10ஆல் பெருக்கினால் 17.32. கண்ணாடிப் பிள்ளையும் உயரமான பிள்ளையும் எழுதியது இன்னொரு தூரம். எதிரெதிரே உட்கார்ந்து பப்ஸ் சாப்பிட்டவர்கள் இதைக் கவனிக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம். நேற்றுவரை √3க்கு 1.732 போட்டவர்கள்தானே?

இரண்டில் எது சரி என்பதற்குச் சூத்திரமே வேண்டாம். தென்னைமரத்தைப் பாருங்கள். வெயில் 45 டிகிரியில் அடிக்கும்போது நிழலும் மரமும் ஒரே நீளம். பொழுது சாயச் சாய, அதாவது கோணம் குறையக் குறைய, நிழல் மரத்தைவிட நீண்டுகொண்டே போகும். இங்கே கோணம் 30. அப்படியென்றால் தூரம் 30 மீட்டரைவிடக் கூடுதலாகத்தான் வரவேண்டும். 17 வரவே வராது. 17.32 வருவது கோணம் 60 ஆக இருந்தால். அந்த இரண்டு பிள்ளைகளும் இறக்கக் கோணத்தைக் கோபுரத்தோடு ஒட்டி உள்பக்கமாகக் குறித்திருப்பார்கள். அதைப் படுக்கைக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். வருஷாவருஷம் வகுப்புக்கு நாலு பேராவது செய்கிற தப்பு இது. நான் ஜன்னலில் ஏறி நின்று கையை நீட்டிக் காட்டுவேன், அப்படியும் செய்வார்கள்.

ஒரு விஷயம் கேள்வித்தாளில் பார்த்துச் சொல்லுங்கள். கேள்வியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் √3 = 1.732 என்று இருக்கிறதா? கால்குலேட்டர் அனுமதி இல்லாத பரீட்சை என்பதால் தசமத்தில் விடை வேண்டுமென்றால் அந்த மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்திருந்தால் 30√3 என்று நிறுத்தாமல் பெருக்கி முடித்திருக்க வேண்டும்.

உருளைக்கு வருகிறேன். விட்டம் 14 என்றால் ஆரம் 7. பைக்கு 22/7 போட்டால் 1540, 3.14 போட்டால் 1538.6. உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? உண்மையான கன அளவு இரண்டும் இல்லை. 22/7 கொஞ்சம் கூடுதல், 3.14 கொஞ்சம் குறைச்சல். நிஜம் நடுவில் 1539.38 பக்கத்தில் நிற்கிறது. 7ஆல் வகுபடுகிற எண்ணைக் கேள்வி எடுத்தவர் வேண்டுமென்றேதான் கொடுப்பார், 22/7 போட்டால் சுளுவாக வெட்டுப்படட்டும் என்று. அதனால் 1540 எழுதியவர் நேரத்தை மிச்சம் பண்ணியிருக்கிறார், 1538.6 எழுதியவர் கையொடிய 3.14ஐப் பெருக்கியிருக்கிறார். கேள்வியில் தனியாக மதிப்பு எதுவும் சொல்லாதபோது நான் திருத்தினால் இரண்டுக்கும் முழு மார்க் போடுவேன்.

6160ஐப் பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது 1540ஐப் போல் சரியாக நாலு மடங்கு. ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் கன அளவு நாலு மடங்காகும். விட்டத்தையே ஆரம் என்று வைத்துப் போட்டிருக்கிறாள். தப்பு விடையும் சும்மா வராது தம்பி, எந்த இடத்தில் வழுக்கியது என்பதைக் காட்டிக்கொண்டேதான் வரும்.

பகடையும் அப்படித்தான். கூட்டினால் 8 வருவது (2,6), (3,5), (4,4), (5,3), (6,2) என்று ஐந்து. இரட்டை விழுவது ஆறு. ஐந்தும் ஆறும் பதினொன்று என்று எண்ணினால் (4,4) இரண்டு பக்கமும் ஏறிவிடும். ஒன்றைக் கழித்தால் 10/36. அதைச் சுருக்கினால் 5/18. மகளும் மற்ற இரண்டு பேரும் எழுதியது ஒன்றேதான். அந்த உயரமான பிள்ளைதான் (4,4)ஐக் கழிக்க மறந்திருக்கிறாள்.

எக்செல் விவகாரம் எனக்குத் தெரியாது. திட்டவிலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு. பள்ளிக்கூடப் பாடத்தின்படி 14.14தான் சரி. ஐந்துக்கும் சராசரி 30. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1000, அதை 5ஆல் வகுத்தால் 200, அதன் வர்க்கமூலம் 14.14. பயப்படவே வேண்டாம்.

கவுந்தப்பாடித் தம்பிக்கு: ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தது வாஸ்தவம். அவர் அம்மாவின் பிறந்த வீடு அங்கே. வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணம். அவரே மற்ற பாடங்களைக் கவனிக்காமல் விட்டு எஃப்.ஏ. பரீட்சையில் (அந்தக் காலத்துக் காலேஜ் முதல் கட்டப் பரீட்சை) தேறாமல் போனவர். அதனால் ஊர்ப்பெருமை பேசிவிட்டு அறிவியல் புத்தகத்தை எடு.

கடைசியாக, பேக்கரியில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம். பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டு மார்க்கில் 14 கொடுத்துப் பத்து எழுதச் சொல்வார்கள், அதில் 28ஆவது கட்டாயம். ஐந்து மார்க்கிலும் அதேபோல், 42ஆவது கட்டாயம். அதை விட்டுவிட்டு வேறு பத்து எழுதினால் ஒன்பதுக்குத்தான் மார்க். பிறகு ஒரு மார்க் பகுதி. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். அவசரத்தில் (அ) என்று போட்டு (ஆ)வுக்கு உரிய விடையை எழுதிவிடுவார்கள். ஒன்று சரியாக இருந்து ஒன்று தப்பானால் அந்த மார்க் போனது போனதுதான். கோபுரத்தைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். இதை ஒருத்தரும் ஒத்துப்பார்க்க மாட்டார்கள்.

திருப்பூர் செக்கிங் அக்கா

எக்செல்லுக்கு நான் பதில் சொல்கிறேன், சார். பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், தினமும் அதில்தான் குப்பை கொட்டுகிறேன். (எட்டுத்தறி அண்ணா, இது வேற எக்செல். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வருமே, அது. பெட்ரோல் வேண்டாம்.)

அதில் திட்டவிலக்கத்துக்கு இரண்டு சூத்திரம் இருக்கிறது. ஒன்று மொத்த எண்ணிக்கையால் வகுக்கும். இன்னொன்று அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கும். உங்கள் அண்ணன் மகன் எடுத்தது இரண்டாவது. 1000ஐ 4ஆல் வகுத்தால் 250, அதன் வர்க்கமூலம் 15.81. கணக்குத் தப்பில்லை, எடுத்த இடம் தப்பு.

ஏன் இரண்டு என்றால், எங்களுக்கு ஒரு லாட்டில் ஆயிரம் பீஸ் வரும். ஆயிரத்தையும் அளக்க முடியாது, ஐந்தை உருவி நெஞ்சகலம் அளப்போம். அந்த ஐந்தை வைத்து ஆயிரமும் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஐந்தின் சராசரியை ஐந்திலிருந்தே எடுப்பதால் வித்தியாசம் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைச்சலாகவே காட்டும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 5க்குப் பதில் 4ஆல் வகுப்பது. லாட்டிலேயே மொத்தம் ஐந்து பீஸ்தான், ஐந்தையும் அளந்தாகிவிட்டது என்றால் ஊகிக்க என்ன இருக்கிறது? 5ஆல் வகுத்தால் போதும். பத்தாவது பாடத்தில் வருவது இதுதான். காலேஜ் தம்பிக்கு இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அடுத்த தடவை சின்னப் பிள்ளையை அழவைக்க மாட்டான்.

இன்னொன்று. என் பையன் பத்தாவது எழுதினபோது நான் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். கடைசிப் பரீட்சை முடிகிறவரை எந்தக் கேள்வித்தாளும் வீட்டுக்குள் வரக்கூடாது. கேட்டிலேயே வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவேன். வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. ஒத்துப்பார்த்து ஒரு மார்க்காவது ஏறினதாக எந்த ஊரிலாவது உண்டா?

பெருந்துறை ஹாஸ்டல்

அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்கும் தோன்றும், ஆனால் முடியாதுக்கா. நான் இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயின் எழுதினவன். ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிவரை ஒத்துப்பார்ப்போம். அதில் கூத்து என்னவென்றால் எங்களில் பாதிப் பேர் எழுதினது வேற வேற கேள்வித்தாள். ஒரே தேர்வைப் பல நாள் காலையும் மாலையும் என்று ஷிப்ட் ஷிப்டாக வைப்பார்கள். சேலத்தில் காலை எழுதினவனும் கோயமுத்தூரில் மத்தியானம் எழுதினவனும் உட்கார்ந்து எதை ஒத்துப்பார்ப்பது? "உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். வருவதும் மார்க் இல்லை, பர்சன்டைல் (எழுதினவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்கிற கணக்கு), அதுவும் தசமத்துக்கு அப்புறம் ஏழு இலக்கம்.

கணக்கில் 25 கேள்வி. சரி என்றால் 4, தப்பு என்றால் 1 போகும். படிக்கு மார்க் கிடையாது. பக்கம் பக்கமாகச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் கூட்டலைத் தப்பு பண்ணினாலும் மைனஸ்தான். பத்தாவதில் படம் வரைந்ததற்கும் சூத்திரம் எழுதினதற்கும் ஏதாவது கிடைக்குமே, அந்தக் கண்ணாடித் தங்கச்சிக்கும் உயரமான தங்கச்சிக்கும் அதைச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இருக்கிற ஒரே வசதி, நாங்கள் கிளிக் பண்ணினதும் உத்தேச விடைகளும் நெட்டில் வந்துவிடும். விடை தப்பு என்று தோன்றினால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். பணம் திரும்பி வராது. நானும் அறைத்தோழனும் ஆளுக்கு நூறு என்று பேசி, அவன் காசிலேயே ஒரு கேள்விக்குக் கட்டினோம். எங்கள் விடைதான் தப்பு என்று தெரிந்தது. அந்த நூறை நான் இன்னும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

எட்டுத்தறி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி ஷிப்டுக்குத் தறியை ஓட்டிவிட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். தென்னைமர நிழலில் வந்ததும், "அட ஆமாங்ப்பா" என்றாள். அப்புறம் அவளே எழுந்துபோய்த் தட்டு எடுத்துவைத்துக்கொண்டாள். எங்கம்மாவுக்கு அதுபோதும், "வாத்தியாரு நல்லா இருக்கோணும்" என்று இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்கள்.

எனக்கே இது முன்னாலேயே பிடிபட்டிருக்க வேண்டும். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) கொடுக்கிற ஏவாரி கெஜத்தில் சொல்வார், துணி எடுக்கிறவர் மீட்டரில் சொல்வார். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் எட்டு மீட்டருக்கு மேல் திருடிவிட்டார்கள் என்று ஒருத்தரோடு கைகலப்புவரை போயிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளைதானே.

வாத்தியார் ஐயா கேட்டதற்குப் பதில். அடைப்புக்குறிக்குள் √3 = 1.732 என்று போட்டிருக்கிறதுங்க. இவள் பார்த்திருக்கிறாள், ஆனால் நேரமில்லை என்று 30 ரூட் 3லேயே விட்டுவிட்டாளாம். 28, 42 இரண்டும் எழுதிவிட்டாள். ஒரு மார்க்கில்தான் சந்தேகம். ஒரு கேள்விக்கு (இ) என்று போட்டுவிட்டு (ஆ)வில் இருந்த எண்ணை எழுதின ஞாபகம் இருக்கிறது என்கிறாள். அதற்கு ஏதாவது வழி உண்டுங்களா?

இன்னொன்றும் கேட்கணும். தன் விடை சரி என்று தெரிந்ததும் நிம்மதியானாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, "அப்போ அவளுக்குத்தானே எல்லாம் போச்சு" என்றாள். அந்த உயரமான பிள்ளையைச் சொல்கிறாள். மூன்றும் அவளுக்குத்தான் தப்பு. பேக்கரியில் அவள்தான் "எல்லாரும் தப்பாப் போட்டிருக்கீங்கடி" என்று சிரித்தவள். போன் பண்ணிச் சொல்லலாமா வேண்டாமா என்று இவள் தவிக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

கோபி ஓய்வு வாத்தியார்

ஒரு மார்க்குக்கு வழி இல்லை. எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்தாகிவிட்டது. கோபுரத்தில் பெருக்காமல் விட்டதற்குக் கடைசிப் படியில் ஒரு மார்க் குறைந்தாலும் குறையலாம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், பேக்கரியில் கழன்ற முப்பதில் இருபத்தெட்டு திரும்பி வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். கேட்டால் மட்டும் பொய் சொல்லாமல் சொல்லட்டும்.

திருப்பூர் செக்கிங் அக்கா

சொல்லவே கூடாது. அறிவியலும் சமூக அறிவியலும் முடியட்டும். எங்கள் கம்பெனியில்கூட ஷிப்ட் நடுவில் ரிஜெக்ட் பீஸைக் கொண்டுபோய் டெய்லர் முன்னால் போட மாட்டோம். போட்டால் அடுத்த பத்து பீஸும் கோணல்தான்.

பெருந்துறை ஹாஸ்டல்

நான் அந்தப் பொண்ணு இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். மூன்று தப்பும் ஒரே ரகம்: கேள்வியைப் பாதி படித்துவிட்டு ஓடுவது. விட்டம் என்று இருப்பதை ஆரம் என்று படித்தவள் அறிவியலிலும் அதைத்தானே செய்வாள்?

எட்டுத்தறி

அறிவியல் பரீட்சையும் முடிந்ததுங்க. நடந்ததை வந்து எழுதுகிறேன்.

யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் அறிவியல் கைடு வாங்குகிற சாக்கில் மகள் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனாள், நான்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "அவளுக்கு அன்னிக்கே தெரியுமுங்ப்பா. கண்ணாடிக்காரி 10 ரூட் 3ன்னு சொன்னப்பவே படத்தைத் தப்பா வரைஞ்சது ஞாபகம் வந்துடுச்சாம். விட்டம்ங்கறது அப்புறமாத்தான் கண்ணுல பட்டுச்சாம். அதான் அவ்வளவு சத்தமாச் சிரிச்சா." காற்றில் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

இன்றைக்கும் ஒன்றேகாலுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். நாலு பேரும் வந்தார்கள். அதே பேக்கரி. உள்ளே நுழையும்போதே அந்த உயரமான பிள்ளை சட்டம் போட்டுவிட்டாள்: பரீட்சையைப் பற்றி யார் முதலில் வாயைத் திறந்தாலும் நாலு பப்ஸுக்கும் நாலு டீக்கும் அவர்கள்தான் காசு கொடுக்க வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். நான் கல்லாப் பக்கம் நின்றிருந்தேன், அது என் காதில் விழவில்லை. திரும்பி வந்து, "அறிவியல் எப்படி கண்ணு, சுளுவா இருந்துச்சா?" என்றேன்.

நாலும் சேர்ந்து கையைத் தட்டிவிட்டுத் தேங்காய் பன்னும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.